182, 91, 141: விளக்கெண்ணெய் அறிக்கையில் எந்த எண்ணை நம்புவது?

வாசகர் கேள்வி:

சிறிய அளவில் சோப்பும் உதட்டுத் தைலமும் செய்து விற்கிறேன். இந்த முறை வந்த டிரம்மில் விளக்கெண்ணெய் வழக்கத்தைவிடக் கொஞ்சம் இளகலாக இருப்பதாகத் தோன்றியது. சந்தேகப்பட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். அமில எண் 2.4, சோப்பாதல் எண் 182, அயோடின் எண் 91, ஹைட்ராக்சில் எண் 141, 20 டிகிரி செல்சியஸில் அடர்த்தி 0.955 என்று அறிக்கை வந்தது. விற்றவரிடம் காட்டினால், "சோப்புக்கு வேண்டியது சோப்பாதல் எண், அது சரியாக இருக்கிறது. அயோடின் ஒரே ஒரு புள்ளிதான் கூட. ஹைட்ராக்சில் எல்லாம் பெயின்ட் கம்பெனிக்காரர்கள் பார்ப்பது" என்கிறார். இது சுத்தமான எண்ணெயா, கலப்படமா? இதில் சோப்பு செய்யலாமா? ஆமணக்கு விதையில் விஷம் இருக்கிறது என்கிறார்களே, அது எண்ணெயில் இறங்குமா?

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த டிரம்மில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு பங்கு வரை வேறு ஏதோ ஒரு எண்ணெய் கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம். விற்றவர் எதை ஒதுக்கித் தள்ளுகிறாரோ, அந்த ஹைட்ராக்சில் எண்தான் இதைக் காட்டிக்கொடுக்கிறது. அவர் பெருமையாகக் காட்டும் சோப்பாதல் எண்ணுக்கு இந்தக் கலப்படத்தைப் பிடிக்கும் திறமையே கிடையாது.

ஏன் என்று பார்ப்போம். சோப்பாதல் எண் என்பது ஒரு கிராம் எண்ணெயை முழுவதும் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்ற கணக்கு. எண்ணெயின் மூலக்கூறு சராசரியாக எவ்வளவு பெரியது என்பதைத்தான் அது சொல்கிறது. விளக்கெண்ணெய்க்கு இது 176-இலிருந்து 187 வரை. சோயா, சூரியகாந்தி போன்ற பதினெட்டு கார்பன் எண்ணெய்களுக்கு 190-ஐ ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு புள்ளிதான் இடைவெளி. எட்டில் ஒரு பங்கு கலந்தால் சோப்பாதல் எண் ஒன்றரைப் புள்ளி நகரும், அவ்வளவுதான். 180 என்று இருந்தது 182 ஆகும். வரம்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

அயோடின் எண் இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. அது இரட்டைப் பிணைப்புகளை எண்ணுவது. விளக்கெண்ணெய்க்கு 82 முதல் 90 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே வரம்பை ஒட்டியே ஆலிவ் எண்ணெயும், கடலை எண்ணெயில் ஒரு பகுதியும் வருகின்றன. விவரம் தெரிந்து கலப்பவர் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இந்த எண்ணும் வாய் திறக்காது. உங்களுடையதில் 91 என்று எல்லையைத் தாண்டி நிற்கிறது. தனியாகப் பார்த்தால் இது பெரிய குற்றமில்லை, விற்றவர் சொல்வது அந்த அளவுக்குச் சரி. மற்ற எண்களோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதற்கு அர்த்தம் வருகிறது.

இனி 141-க்கு, அதாவது எண்ணெயில் ஹைட்ராக்சில் தொகுதிகள் எவ்வளவு என்று அளக்கும் எண்ணுக்கு வருவோம். அதற்கு எண்ணெயின் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

எல்லாத் தாவர எண்ணெயும் அடிப்படையில் ஒன்றுதான்: ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். எண்ணெய்க்கு எண்ணெய் மாறுவது அந்தச் சங்கிலிகள். மற்ற எண்ணெய்களில் இரண்டு மூன்று அமிலங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். விளக்கெண்ணெயில் ஏறக்குறைய ஒரே அமிலத்தின் ஆட்சி. சங்கிலிகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை, சில சமயம் அதற்கு மேலும், ரிசினோலிக் அமிலம். மிச்சத்தில் ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஆளுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு, பால்மிடிக்கும் ஸ்டியரிக்கும் ஒன்றிரண்டு பங்கு, லினோலெனிக் ஒன்றுக்கும் குறைவு.

ரிசினோலிக் அமிலத்தில் பதினெட்டு கார்பன். ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. இதுவரைக்கும் அது ஆலிவ் எண்ணெயில் நிறைந்திருக்கும் ஒலியிக் அமிலமேதான். செடியும் அப்படித்தான் தொடங்குகிறது: விதை முற்றும்போது முதலில் ஒலியிக் சங்கிலியைச் செய்துவிட்டு, பிறகு ஒரு நொதியைக் கொண்டு பன்னிரண்டாவது கார்பனில் ஓர் ஆக்சிஜனைச் செருகுகிறது. அங்கே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி முளைக்கிறது. ஆல்கஹாலில் இருக்கும் அதே தொகுதி. சமையலறை எண்ணெய்கள் எதிலும் இது சொல்லிக்கொள்ளும் அளவுக்குக் கிடையாது.

விளக்கெண்ணெயின் விசித்திரங்கள் எல்லாம் இந்த ஒரு தொகுதியிலிருந்தே புறப்படுகின்றன. ஒரு மூலக்கூறின் ஹைட்ராக்சில் பக்கத்து மூலக்கூறை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து இழுக்கிறது. அதனால்தான் அந்தக் கெட்டித்தன்மை. சங்கிலிக்கு ஓர் ஆக்சிஜன் கூடியதால் எடையும் கூடி, அடர்த்தி 0.96-க்குப் போகிறது. மற்ற எண்ணெய்கள் 0.92-ஐ ஒட்டியே நிற்கும். சாராயத்தில் கரைவதும் இதனால்தான், பெட்ரோலியம் ஈதர் என்ற பெட்ரோல் போன்ற கரைப்பானில் முழுதாகக் கரைய மறுப்பதும் இதனால்தான். பழைய சுழல் விமான எஞ்சின்களில் பெட்ரோல் ஆவி எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போகும். அங்கே விளக்கெண்ணெயை மசகாகப் போட்டதற்கு ஒரு காரணம், பெட்ரோல் அதை எளிதில் கழுவிக்கொண்டு போகாது என்பது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மூன்று சங்கிலியும் ரிசினோலிக்காகவே இருக்கும் ஒரு மூலக்கூறின் எடை 933. அதில் சோப்பாகும் இடங்கள் மூன்று, ஹைட்ராக்சிலும் மூன்று. ஆகவே அதன் சோப்பாதல் எண்ணும் 180, ஹைட்ராக்சில் எண்ணும் 180. இயற்கையான எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு சங்கிலிகளுக்கு ஹைட்ராக்சில் இல்லை என்பதால் சோப்பாதல் எண் 180-ஐச் சுற்றியே நிற்க, ஹைட்ராக்சில் எண் மட்டும் 160 முதல் 168-க்கு இறங்குகிறது. திருப்பிப் பார்த்தால், ஹைட்ராக்சில் எண்ணை 180-ஆல் வகுத்தாலே ரிசினோலிக் அமிலம் எத்தனை விழுக்காடு என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 162 என்றால் 90 விழுக்காடு. உங்களுடைய 141-க்கு 78 விழுக்காடு.

"ரகத்துக்கு ரகம் மாறும், மண்ணுக்கு மண் மாறும்" என்று உங்களிடம் அடுத்து சொல்வார்கள். விதையில் எண்ணெய் எவ்வளவு என்பது மாறும். ஆனால் சாகுபடியில் இருக்கும் ஆமணக்கில் ரிசினோலிக் அமிலத்தின் பங்கு வியக்கத்தக்க அளவு நிலையானது. 78-க்கு இறங்க ரகமும் மண்ணும் காரணமாகாது.

கலந்தது என்னவாக இருக்கும் என்பதற்கும் அறிக்கையிலேயே குறிப்பு இருக்கிறது. ஏழில் ஒரு பங்கு சேர்ந்து அயோடின் எண்ணை 85-இலிருந்து 91-க்கு ஏற்றியிருக்கிறது என்றால், சேர்ந்த எண்ணெயின் அயோடின் எண் 130-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சோயா அல்லது சூரியகாந்தி. சுத்த எண்ணெயின் அயோடின் எண் 88 ஆக இருந்திருந்தால் கணக்கு 110-க்கு வந்துவிடும், அப்போது பருத்திவிதை எண்ணெயும் பட்டியலில் சேரும். அதனால் இதை ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், விற்றவரிடம் பெயர் சொல்லிச் சண்டை போட வேண்டாம். அடர்த்தியும் இதே கதையைத்தான் சொல்கிறது: 20 டிகிரியில் 0.958-க்குக் கீழே சுத்த எண்ணெய் பொதுவாக இறங்காது. உங்களுடையது 0.955.

இளகல் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. விளக்கெண்ணெயின் பாகுநிலை வெப்பத்துக்கு மிகவும் ஆடும். 20 டிகிரியில் 986 சென்டிபாய்ஸ், 30 டிகிரியில் 451, 40 டிகிரியில் 231. பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகிவிடும். போன டிரம்மைக் குளிர்ந்த காலையிலும் இந்த டிரம்மை வெயில் ஏறிய பிற்பகலிலும் திறந்திருந்தால், எண்ணெய் ஒன்றேயானாலும் கைக்கு வேறாகத்தான் தெரியும். ஏழில் ஒரு பங்கு சோயா சேர்ந்தால் பாகுநிலை கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு குறையும். அது நான்கைந்து டிகிரி வெப்பம் ஏறியதற்குச் சமம். எனவே உங்கள் கை சொன்னது பொய்யில்லை, ஆனால் சாட்சியாக அது போதாது. பழைய டிரம்மில் மிச்சம் இருந்தால் இரண்டையும் ஒரே மாதிரி இரண்டு சீசாக்களில் பாதி ஊற்றி, ஒரே தண்ணீர்ப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு ஒன்றாகக் கவிழ்த்துக் காற்றுக்குமிழி எதில் சீக்கிரம் மேலே ஏறுகிறது என்று பாருங்கள். பெயின்ட் எண்ணெய்க்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் சோதனைதான் இது.

ஹைட்ராக்சில் எண் குறைய வேறு காரணமே இல்லையா? உண்டு. நியாயமாக அவற்றையும் பார்க்க வேண்டும்.

ஒன்று, பரிசோதனையில் பிழை. எண்ணெயோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்துச் சூடாக்கி, எவ்வளவு செலவானது என்று பார்ப்பதுதான் முறை. மாதிரியில் ஈரம் இருந்தாலோ, அன்ஹைட்ரைடு பழசாகிச் சத்து இழந்திருந்தாலோ, வினை பாதியில் நின்று எண் குறைவாக வரும். கடைசியில் அமில எண்ணை (எண்ணெயில் உடைந்து விடுபட்டுக் கிடக்கும் அமிலத்தின் அளவு) கூட்டிச் சொல்ல வேண்டும், அதைச் சிலர் மறந்துவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் அதனால் போவது 2.4 புள்ளிதான், இருபது புள்ளி போகாது. ஈரமோ பழைய மருந்தோ ஹைட்ராக்சில் எண்ணைக் குறைக்கும், ஆனால் அதே எண்ணெயின் அடர்த்தியைக் குறைக்காது. இங்கே இரண்டும் ஒரே திசையில் விழுந்திருப்பதால் பரிசோதனைக் கூடத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, பழைய எண்ணெய். வெகுநாள் சூட்டில் கிடந்தால் ஒரு சங்கிலியின் ஹைட்ராக்சிலும் இன்னொன்றின் அமிலமும் கைகோத்து எஸ்டராகிவிடலாம். அப்போது ஹைட்ராக்சில் குறையும், ஆனால் மூலக்கூறு பெரிதாகி எண்ணெய் இன்னும் கெட்டியாகும். உங்களுடையது இளகியிருக்கிறது.

மூன்றாவது கொஞ்சம் சுவாரசியமானது. விளக்கெண்ணெயை அமில ஊக்கியோடு 230 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஹைட்ராக்சில் பக்கத்து ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராக வெளியேறும், அந்த இடத்தில் இரண்டாவது இரட்டைப் பிணைப்பு உருவாகும். பெயின்ட், வார்னிஷ் தொழிலில் காயும் எண்ணெயாக இதைப் பயன்படுத்துகிறார்கள். இதில் ஹைட்ராக்சில் குறையும், அயோடின் ஏறும், எண்ணெயும் இளகும், அடர்த்தியும் இறங்கும். அத்தனையும் உங்கள் அறிக்கைக்குப் பொருந்துகிறது! டிரம் அப்படி ஓர் ஆலையிலிருந்து வந்ததா என்று விசாரிக்கலாம். கலப்படத்தையும் இதையும் பிரிக்க எளிய வழி, 233 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிரை எண்ணெய் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்ப்பது. ஒன்றை விட்டு ஒன்றாக அமைந்த இரட்டைப் பிணைப்புகள் அந்த இடத்தில் பலமாக விழுங்கும், சாதாரண சோயா எண்ணெய் அப்படி விழுங்காது.

தீர்ப்பைச் சந்தேகமில்லாமல் முடிக்க, அதே கூடத்தில் கொழுப்பு அமிலப் பகுப்பாய்வு கேளுங்கள். கேஸ் குரோமடோகிராபி என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். நான் சொன்னது சரியென்றால் ரிசினோலிக் 78-ஐ ஒட்டி வரும், லினோலியிக் வழக்கமான நாலு ஐந்திலிருந்து பத்துக்கு மேல் போயிருக்கும், பால்மிடிக்கும் இரண்டைத் தாண்டியிருக்கும். கருவி வரையும் கோட்டில் ஒவ்வோர் அமிலமும் ஒரு முகடாகத் தெரியும். கேட்கும்போது ஒன்று சொல்லி அனுப்புங்கள்: "ரிசினோலிக் முகடு வரும்வரை ஓட்டுங்கள்." ஹைட்ராக்சில் ஒட்டிக்கொள்வதால் அந்த முகடு மற்ற எல்லாவற்றுக்கும் வெகுநேரம் கழித்து, வால் நீட்டிக்கொண்டு வரும். சமையல் எண்ணெய்க்கான நேரத்திலேயே கருவியை நிறுத்திவிட்டால், எண்ணெயின் பெரும்பகுதியே காணாமல் போய், லினோலியிக் முப்பது விழுக்காடு என்பது போல விநோதமான அறிக்கை கைக்கு வரும்.

வீட்டிலேயே ஒரு முன்சோதனை வேண்டுமானால் சாராயச் சோதனை இருக்கிறது. 95 விழுக்காடு எத்தில் ஆல்கஹாலையும் எண்ணெயையும் சம அளவு எடுத்துக் கண்ணாடிக் குழாயில் குலுக்குங்கள். சுத்தமான விளக்கெண்ணெய் தெளிந்த திரவமாக நிற்கும். வேறு எண்ணெய் இருந்தால் கலங்கும், கொஞ்ச நேரத்தில் துளிகள் பிரிந்து தங்கலாம். கிருமிநாசினியாக விற்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் செய்யாதீர்கள், அதிலுள்ள தண்ணீருக்குச் சுத்த எண்ணெயே கலங்கிவிடும். அடுப்புப் பக்கம் போகவும் வேண்டாம். கலங்கினால் சந்தேகம் உறுதிப்படும். கலங்காவிட்டால் மட்டும் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விளக்கெண்ணெய் தன்னோடு கொஞ்சம் அந்நிய எண்ணெயையும் இழுத்துக்கொண்டு கரைந்துவிடும்.

சோப்புக்கு வருவோம். செய்யலாம். 182 என்பதை 0.713-ஆல் பெருக்கினால் சோடியம் ஹைட்ராக்சைடு கணக்கு வரும்: ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 130 கிராம். சுத்த எண்ணெயாக இருந்தால் 128 கிராம். நீங்கள் வழக்கம்போல ஐந்து விழுக்காடு எண்ணெயை மிச்சம் விட்டுச் செய்பவராக இருந்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சோப்புக் கலவையில் விளக்கெண்ணெய் எப்படியும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் போகாது. நுரை நிலைத்து நிற்கத்தானே சேர்க்கிறோம், கூடினால் கட்டி இளகிப் பிசுபிசுக்கும்.

உதட்டுத் தைலத்துக்கு மட்டும் இந்த டிரம்மைத் தொடாதீர்கள். அங்கே நீங்கள் காசு கொடுப்பதே அந்தக் கெட்டித்தன்மைக்கும், நிறப்பொடியைப் பிடித்து வைக்கும் குணத்துக்கும். இன்னொரு காரணம், கெட்டுப்போவது. லினோலியிக் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு நடுவே பதினொன்றாவது கார்பன் மாட்டிக்கொண்டிருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் கைவைப்பது அந்த இடத்தில்தான். ரிசினோலிக்கில் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு என்பதால் அப்படி ஒரு பலவீனமான இடமே இல்லை. விளக்கெண்ணெய் வெகுநாள் சிக்கு வாசம் அடிக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். லினோலியிக்கின் பங்கு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்ட எண்ணெயிடம் அந்த ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

அமில எண் 2.4 பற்றி நீங்கள் கேட்கவில்லை. நல்ல தரத்துக்கு 2-க்குள் இருந்தால் நல்லது. இதைக் கலப்படத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், பழைய விதை அல்லது ஈரம் பட்ட விதையாக இருக்கலாம். விற்றவர் தன் சான்றிதழில் 1.2 என்று காட்டினால் உடனே பொய் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் விடுபட்ட அமிலம் முழுவதையும் ஒலியிக் அமிலமாக வைத்து விழுக்காட்டில் சொல்லியிருக்கலாம். அமில எண்ணில் ஏறக்குறைய பாதிதான் அந்த விழுக்காடு.

விஷத்தைப் பற்றி. ஆமணக்கு விதையில் இருப்பது ரிசின் என்ற புரதம். செல்லுக்குள் புகுந்து புரதம் செய்யும் ரைபோசோமையே முடக்கிவிடும், கொடியது. ஆனால் அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பிழியும்போது புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெயில் தூசாக ஏதாவது வந்தாலும் வடிகட்டும்போது நீங்கிவிடும், நீராவியில் சூடாக்கும்போது செயலிழந்துவிடும். ஒழுங்காகச் சுத்திகரித்த எண்ணெயில் அதைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ரிசினையும் ரிசினோலிக் அமிலத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், இரண்டுக்கும் உறவே கிடையாது. பேதி ஆவது ரிசினோலிக் அமிலத்தால்: குடலில் எண்ணெய் உடைந்து அந்த அமிலம் விடுபட்டு, குடல் தசையில் உள்ள ஓர் ஏற்பியைத் தூண்டுகிறது. கலப்படத்துக்குப் பயந்து, "நாமே விதை வாங்கி மிக்ஸியில் அரைத்துப் பிழிந்துவிடலாம்" என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். அந்தத் தூளில் ரிசினும் இருக்கும், மூச்சுத்திணறும் அளவுக்கு ஒவ்வாமை தரும் வேறு புரதங்களும் இருக்கும்.

விற்றவருக்கு எழுதும்போது சோப்பாதல் எண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். ஹைட்ராக்சில் எண் 160-க்குக் குறையாமலும் ரிசினோலிக் அமிலம் 85 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று இனி ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். இந்த டிரம்முக்கு மறுபரிசோதனை கேட்டால், முதலில் டிரம்மை நன்றாக உருட்டிக் கலக்கி, அவர் ஆள் முன்னிலையில் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து ஒன்றாக்கி மூன்று சீசாவில் நிரப்பி மூடி முத்திரை வையுங்கள். கெட்டி எண்ணெயில் இளகல் எண்ணெயை அவசரமாக ஊற்றியிருந்தால் சீராகக் கலந்திருக்காது, மேலே மட்டும் மொண்டு அனுப்பினால் எண் மாறிப் போகும். ஒரு சீசா அவருக்கு, ஒன்று கூடத்துக்கு, ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கட்டும்.